மருந்துக் காசில் பிறந்த சாகரம்: ஆபிரகாம் பண்டிதர்

"நான் முழுநேர ஊழியம் செய்யல, ஆபீஸ், டெட்லைன், சம்பளம்னு போகுது. கர்த்தர் கொடுத்த தாலந்தை மண்ணுல புதைச்சு வச்சிருக்கேனா?" இந்தக் கேள்வி நம்ம வயசுக்காரங்ககிட்ட அடிக்கடி வருது. இன்னைக்கு இதுக்கு உபதேசமா பதில் சொல்லப் போறதில்லை, தஞ்சாவூர்ல வாழ்ந்த ஒருத்தரோட கதையைச் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். சபையில தாலந்துன்னா பாட்டு, கீபோர்டு, வசனப் போட்டின்னு ஆயிடுச்சு. ஆனா மத்தேயு 25ல வர்ற தாலந்து பணம். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி. ஒரு கூலியாள் ஏறக்குறைய இருபது வருஷம் உழைச்சாத்தான் அவ்வளவு கிடைக்கும். எஜமான் ஊழியக்காரங்க கையில கொடுத்துட்டுப் போனது முதலீடு. இதை மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

ஆபிரகாம் பண்டிதர் 1859ல தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தார். திண்டுக்கல்ல ஆசிரியர் பயிற்சி, அங்கேயே வயலின் பாடம். மூலிகை தேடி சுருளி மலைக்குப் போனப்போ கருணானந்தர்ங்கிற முனிவரைச் சந்திச்சு, அவர்கிட்ட சித்த மருத்துவம் கத்துக்கிட்டார். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. ரெண்டு பேரும் தஞ்சாவூருக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளியில வேலை பார்த்தாங்க. மருந்து வேலை பெருகவும், 1890 வாக்கில் பள்ளி வேலையை விட்டுட்டாங்க. மருந்துகளுக்கு வச்ச பேர் 'கருணானந்தர் சஞ்சீவி'. ஒரு சபை விசுவாசி, தனக்குச் சொல்லிக்கொடுத்த மலைச் சித்தர் பேரை ஒளிக்காம தன் சரக்கு மேலேயே போட்டார். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். வாங்கினது யார்கிட்டன்னு சொல்றதும் நேர்மைதானே.

மருந்து நல்லா ஓடுச்சு, பணம் வந்துச்சு. தஞ்சாவூருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டார். மூலிகை, கரும்புன்னு பயிர் வச்சு ஆராய்ச்சி. கவர்னர் லாலியே வந்து பார்த்துட்டுப் போனார். போட்டோகிராபியும் தெரியும். கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.

ஆனா அவர் மனசு பாட்டுலதான். அந்தக் காலத்துல கர்நாடக இசை கத்துக்கறவங்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் தெலுங்குப் பாட்டு. அவர் தமிழ்ல கிறிஸ்தவப் பாடல்களா 96 எழுதி, ஸ்வரக் குறிப்போட 'கருணாமிர்த சாகரத் திரட்டு'ன்னு 1907ல வெளியிட்டார். இதோட நின்னிருந்தா அவரும் கீர்த்தனைக் கவிராயர் வரிசையில ஒருத்தர். நிக்கல. பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குக்குள்ள இறங்கிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது விருந்து. சவுக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் மூணுக்கு ரெண்டுன்னு சொல்லுவாங்க. சரி, ச-விலிருந்து ப, அந்தப் ப-வை ச-வா வச்சு அடுத்த ப, இப்படியே பன்னிரண்டு தடவை ஏறினா, ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடியும் ச-வில் வந்து உட்காரணும். கணக்கு போட்டுப் பாருங்க. ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினா 129.746. ரெண்டை ஏழு தடவை பெருக்கினா 128. வட்டம் மூடல! ரவுண்டிங் எரர் மாதிரி ஒரு மிச்சம் நிக்குது. பண்டிதர் இந்த மிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டார். சாரங்கதேவர் வழியா வந்த 22 சுருதிக் கணக்கு சரியில்லை. ஸ்தாயியைச் சம விகிதத்துல பன்னிரண்டா, இருபத்துநாலா பிரிக்கணும். சிலப்பதிகாரத்துல வர்ற ஆயப்பாலை, வட்டப்பாலை எல்லாம் இந்த முறையைத்தான் சொல்லுதுன்னு வாதாடினார்.

இதை வீட்டுக்குள்ளேயே எழுதி வச்சுட்டுப் போயிருக்கலாம். யார் கேட்டா? ஆனா 1912ல தஞ்சாவூர்ல சங்கீத வித்தியா மகாஜன சங்கம் ஆரம்பிச்சு, 1916க்குள்ள ஏழு மாநாடு நடத்தினார். வித்வான்கள் வந்துபோற செலவு, சாப்பாடு எல்லாம் அவர் கைக்காசு. வந்தவங்க சும்மா தலையாட்டிட்டுப் போகல, எதிர்த்தாங்க. 1916ல பரோடாவில நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போனார். அவர் கணக்கைச் சொல்ல, வீட்டுப் பெண்கள் பாடிக் காட்டினாங்க. அங்கேயும் சுருதிக் கணக்குல எல்லாரும் ஒத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் 22ஆ 24ஆன்னு சண்டை இருக்கு. என்னைக் கேட்டா, சம பங்கீடு வசதியான கணக்கு. ஆனா ஒரு நல்ல தோடியைக் கேட்டா காது அந்தக் கட்டத்துக்குள்ள அடங்க மாட்டேங்குது. அந்த முடிவுல நான் பண்டிதர் பக்கம் முழுசா இல்லை.

ஆனாலும், சிலப்பதிகாரத்து இசை வரிகளை வெறும் இலக்கியமா விட்டுடாம, பாடிப் பார்க்கக்கூடிய பண்களா எடுத்து மேஜை மேல வச்சாரே. 1917ல தன் சொந்த அச்சகத்துலேயே 'கருணாமிர்த சாகரம்' போட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல. 1940கள்ல தமிழிசை இயக்கம் எழுந்தப்போ, கைக்கு இந்தப் புத்தகம் இருந்துச்சு.

உவமையில மூணாவது ஆள் ஏன் புதைச்சான்? அவனே சொல்றான், பயம்னு. காசு போயிடுமோங்கிற பயம், எஜமான் என்ன சொல்லுவாரோங்கிற பயம். பண்டிதர் மாத்திரை வித்த காசை எடுத்து, தன்னைத் தப்புன்னு சொல்லப்போற வித்வான்களுக்கே ரயில் செலவு கொடுத்து வரவழைச்சார். மருந்து ஊழியமா, தோட்டம் ஊழியமா, சுருதிக் கணக்கு ஊழியமான்னு அவர் தனித்தனியா பிரிச்சு வச்ச மாதிரியே தெரியல. ஒண்ணுல வந்தது இன்னொண்ணுக்குப் போச்சு, அவ்வளவுதான். நம்ம ஆள்களோ சம்பளம் ஒரு பக்கம், தாலந்து இன்னொரு பக்கம்னு கோடு போட்டுட்டு, கோட்டுக்கு நடுவுல உட்கார்ந்து குற்ற உணர்ச்சி படறோம்.

பண்டிதர் 1919 ஆகஸ்டுல காலமானார். இராகங்களைப் பற்றின இரண்டாம் புத்தகம் அப்போ அச்சாகியிருக்கல. அவர் மகள் மரகதவல்லி துரைபாண்டியன் அதை 1946ல கொண்டு வந்தாங்க.