திரும்பும் வழி

வலைச் செயலியைச் சர்வரில் ஏற்றுபவர்களுக்கு இன்று சொல்லப்படும் அறிவுரைகள் வேகத்தைப் பற்றியவை போலவே தோன்றும்: அடிக்கடி ஏற்று, சிறிது சிறிதாக ஏற்று, கையால் செய்யாதே. இந்தத் தொழிலின் முப்பதாண்டு வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இத்தனை காலமும் தொழில் தேடியது, ஏற்றியது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பும் வழியை. வேகம் அதன் பின்னால் தானாக வந்து சேர்ந்தது.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூனில் பிஹெச்பியை வெளியிட்டார். நாளடைவில், கோப்பைச் சர்வரில் போட்டாலே செயலி ஓடும் என்ற நிலை வந்தது. போடுவதற்கு எஃப்டிபி இருந்தது. அந்த நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971இல் எழுதியவர், ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். இரண்டு கணினிகளுக்கிடையே கோப்பு நகர்த்த எழுதியதை, ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும் தளத்தை மாற்றப் பயன்படுத்தினார்கள். நாற்பது கோப்புகளில் பத்தொன்பது ஏறியிருக்கும்போது உள்ளே வருபவருக்குப் பாதி புதியதும் பாதி பழையதும் கலந்த பக்கம் கிடைக்கும். இணைப்பு அறுந்தால் அந்தக் கலப்படமே தங்கிவிடும். அதைவிடக் கொடுமை, அதே பெயரில் மேலெழுதுவதால் நேற்றைய செயலி சர்வரில் எங்குமே இருக்காது. அதற்கு அஞ்சி முன்கூட்டியே நகலெடுத்து, வாலில் ‘ஓல்டு’, ‘ஓல்டு2’ என்று ஒட்டிய கோப்புகள் குவிந்ததைப் பார்த்து இன்றைய நிரலர்கள் சிரிக்கலாம். அந்தக் கோப்புகள்தான் இந்தத் தொழிலின் முதல் திரும்பும் வழி.

ரெயில்ஸ் சட்டகத்தில் எழுதிய செயலிகளை ஏற்றுவதற்காக ஜேமிஸ் பக் எழுதிய ஸ்விட்ச்டவர் என்ற கருவி, 2006இல் கேபிஸ்ட்ரானோ என்று பெயர் மாறியது. அது இந்த ‘ஓல்டு’ பழக்கத்தையே ஒழுங்குபடுத்தியது எனலாம். ஒவ்வொரு வெளியீடும் தேதியும் நேரமுமே பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் இறங்கும். ‘கரன்ட்’ என்ற சுட்டி ஒன்று அவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டி நிற்கும். எல்லாம் இறங்கிய பிறகு சுட்டி மட்டும் நகரும்; பிழை என்றால் பழைய ஃபோல்டருக்கே திரும்பும். பயனர்கள் ஏற்றிய படங்களும் லாக் கோப்புகளும் ‘ஷேர்டு’ என்ற வேறு ஃபோல்டரில் தங்கும். யுனிக்ஸில் இந்தச் சுட்டி 1980களிலிருந்தே இருக்கிறது, ஆகவே தொழில்நுட்பமாக இதில் புதுமை குறைவு. நிரல் வேறு, அது சேர்த்துவைக்கும் தரவு வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் பெரிய விஷயம். பின்னால் 2013இல் வந்த டாக்கர், சர்வரின் சூழலையும் நிரலோடு சேர்த்துக் கட்டி, அதே யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனது.

2009இல் வெலாசிட்டி மாநாட்டில் ஃப்ளிக்கர் தளத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட வெளியீடுகள் என்று அறிவித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உரையின் உள்ளே இருந்த கொடிகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. புதிய வசதியின் நிரல் சர்வரில் இருக்கும், கொடி ஏறும்வரை பயனர் கண்ணில் படாது. தொல்லை கொடுத்தால் எதையும் மறுபடி ஏற்றாமல் கொடியை இறக்கினால் போதும். 1990களிலேயே பால் கிரஹாமின் வயாவெப் நிறுவனத்தில் நாளுக்குப் பல முறை ஏற்றினார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே எழுதியவர்களும் ஏற்றியவர்களும் அதே சில பேர். கடைசியாக எதைத் தொட்டோம் என்பது அவர்கள் தலைக்குள் இருந்தது. குழு பெருத்தபோது அந்த நினைவைக் கருவிக்குள் வைக்க வேண்டியதாயிற்று.

இதைவிடக் கனமான மறுப்பு, நைட் கேபிடல் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது. அங்கே ஏற்றியது வலைச் செயலி அல்ல, பங்கு வர்த்தக மென்பொருள். ஆனால் ஏற்றும் வேலை ஒன்றே. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு பழைய கொடி, எட்டாவது சர்வரில் கிடந்த ‘பவர் பெக்’ என்ற கைவிடப்பட்ட நிரலை எழுப்பிவிட்டது. பதறியவர்கள் செய்தது என்ன? சரியாக ஏறியிருந்த ஏழிலிருந்தும் புதியதை நீக்கினார்கள். அந்த ஏழிலும் பழையது விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. திரும்பியதே ஆபத்தாகிவிட்டதே என்றால், அவர்கள் நிரலை மட்டும் பின்னே இழுத்தார்கள். கொடியும் உள்ளே வந்துகொண்டிருந்த ஆர்டர்களும் புதிய நிலையிலேயே நின்றன. பாதி தூரம்தான் திரும்பினார்கள்.

தரவுத்தளத்திலும் இதே சிக்கல் உண்டு. நிரலைத் திருப்பலாம், ஒரு பத்தியை அழித்துவிட்டால் அதிலிருந்த தரவு சுட்டியை நகர்த்தினாலும் மீளாது. அதனால்தான் முதலில் புதிய பத்தியைச் சேர்ப்பது, சில காலம் இரண்டிலும் எழுதுவது, பழையதைக் கடைசியில் நீக்குவது என்ற வழக்கம் நிலைத்தது. இதில் மீள வழியில்லாத படி அந்தக் கடைசி நீக்கம் ஒன்றுதான். ஆகவே அதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நிரலிலும் அப்படித்தான்: பவர் பெக்கின் பயன்பாடு நின்றது 2003இல்; ஒன்பது ஆண்டு கழித்தும் அது சர்வரில் இருந்தது.