இயற்கை, அங்ககம், ஆர்கானிக்: ஒரு நம்பிக்கை கைமாறிய வரலாறு

அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாகத் தெற்கே வரும் சாலையும், கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூருக்குப் போகும் சாலையும் குறுக்கிடும் இடம் அவிநாசிபாளையம். வடக்கே போனால் பனியன் கம்பெனிகள். கிழக்கே காங்கேயம் பக்கம் போனால் தேங்காய்க் களங்கள், அரிசி ஆலைகள், எண்ணெய் ஆலைகள்.

களத்து வேலையைக் கிட்ட நின்று பார்த்தால், உணவின் மீது ஒருவருக்கு நம்பிக்கை எப்படி வருகிறது என்பது புரியும். மட்டை உரித்த காயை இரண்டாக உடைத்து, பருப்பு மேலே தெரியும்படி சிமெண்டுத் தளத்தில் பரப்புவார்கள். நல்ல வெயில் அடித்தால் பருப்பு சுருங்கித் தேங்காய்த் தொட்டியை விட்டு விலகும். அதை நோண்டி எடுத்து மறுபடியும் காயவைப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சணம் வரும் என்று கந்தகப் புகை போடும் பழக்கம் களங்களில் உண்டு. அதனால்தான் மரச்செக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “சல்பர் போடாத பருப்புங்களா?” என்ற கேள்வி. செக்குக்காரர் பருப்பை அள்ளிக் காட்டுவார். வாங்குகிறவர் மோந்து பார்ப்பார், கடித்துப் பார்ப்பார். அங்கே சான்றிதழுக்கு வேலை இல்லை.

அதே ஊர்க்காரர் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ‘ஆர்கானிக்’ பொட்டலத்தை எடுக்கும்போது மோந்து பார்க்க வழியில்லை. முத்திரையை நம்புகிறார், கம்பெனிப் பெயரை நம்புகிறார். அந்தப் பெயருக்கு இன்று யார் சொந்தக்காரர் என்பது பொட்டலத்தின் முகப்பில் தெரிவதில்லை. பெரும் நிறுவனங்கள் ஆர்கானிக் பிராண்டுகளை விலைக்கு வாங்கிய செய்திகள் சில ஆண்டுகளாக அடுத்தடுத்து வந்தன. ஆனால் விற்பனைப் பத்திரம் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம்தான். அதற்கு வெகு முன்பே இந்த நம்பிக்கை உழவரிடமிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து சான்றிதழுக்கும், சான்றிதழிலிருந்து பிராண்டுக்கும் கைமாறிவிட்டது.

தமிழில் புழங்கும் சொற்களே இந்தப் பயணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. உழவர் இயக்கங்கள் சொன்னது ‘இயற்கை விவசாயம்’. அரசுச் சான்றிதழில் அது ‘அங்ககம்’ ஆனது. 2023-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கை அதை ‘உயிர்ம வேளாண்மை’ என்றது. கடை அடுக்கில் அதற்குப் பெயர் ‘ஆர்கானிக்’.

பருத்தியில் முளைத்த சிந்தனை

நூலும் துணியுமாக வாழும் திருப்பூர் வட்டாரத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு பழைய உறவு இருக்கிறது. இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று உலகம் கொண்டாடும் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924-இல் இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்தவற்றுள் முக்கியமானது இந்தியப் பருத்தி மையக் குழு. பருத்தி விளைச்சலைக் கூட்டத் தொடங்கிய ஆய்வு, மண்ணின் நலத்தைப் பற்றிய ஆய்வாக விரிந்தது. வயல் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் அடுக்கி மக்கவைக்கும் ‘இந்தூர் முறை’ அங்கேதான் உருப்பெற்றது. யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931-இல் அதை நூலாக்கினார் ஹோவார்ட். இந்திய உழவர்களையே தம் ஆசான்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னவர்.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் பருத்தி விளையும் கரிசல் மண்ணில்தான். வேளாண் பட்டதாரியான கோ. நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மானாவாரி நிலத்தில் விலை உயர்ந்த இடுபொருள்களைக் கொட்டிச் செய்யும் ஆய்வு அந்த மண்ணின் ஏழை உழவனுக்கு எப்படி உதவும் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. வேலையை விட்டு வெளியேறினார். பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூரில் ‘வானகம்’ பண்ணையை நிறுவினார். 2013 டிசம்பர் 30 அன்று மறையும்வரை ஊர் ஊராக நடந்தார். விதையும் எருவும் விற்பனையும் உழவன் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் அடிநாதம். அவரைப் பொறுத்தவரை ‘இயற்கை’ என்பது சாகுபடி முறையை மட்டும் குறித்த சொல் அல்ல. உழவன் யாருக்கும் கடன்படாமல் வாழ்வதையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் குறித்தது.

வரையறை வந்தது, வாங்குவோர் வந்தார்கள்

ஒரு பொருளை நாடு முழுவதும் விற்க வேண்டுமானால் அது என்ன என்று சட்டம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஆர்கானிக் உணவு உற்பத்திச் சட்டம் 1990-இல் வந்தது. வரைவு விதிகள் 1997 டிசம்பரில் வெளியாயின; இறுதி விதிகள் 2002 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் ஹோவர்டு, எந்த ஆர்கானிக் பிராண்டு எந்தப் பெருநிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் படம் போட்டுக் காட்டிவருகிறார். பெரும் நிறுவனங்கள் ஆர்கானிக் பிராண்டுகளை மும்முரமாக வாங்கியது அந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்கு அரசே பொறுப்பேற்றதும், பெருமுதலீட்டுக்கு இருந்த பயம் நீங்கியது.

1972-இல் வாஷிங்டன் மாநிலத்தில் சிறு பண்ணையாகத் தொடங்கிய ‘காஸ்கேடியன் ஃபார்ம்’ ஜெனரல் மில்ஸ் கைக்குப் போனது. 2001-இல் ‘ஒட்வாலா’ பழச்சாற்றை கோக்க-கோலா வாங்கியது. பின்னாளிலும் இது தொடர்ந்தது: 2017-இல் ‘ஹொரைசன் ஆர்கானிக்’ பாலை வைத்திருந்த ஒயிட்வேவ் நிறுவனத்தை பிரான்சின் டனோன் வாங்கியது. அதே ஆண்டு ‘ஹோல் ஃபுட்ஸ்’ கடைகளை அமேசான் 1,370 கோடி டாலருக்கு வாங்கியது.

வாங்கியதால் மட்டும் பாலின் தரம் கெட்டுவிடவில்லை. அடி விழுந்தது வேறிடத்தில். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 89 பால் பண்ணைகளுக்கு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஹொரைசன் அறிவித்தது. தூரத்துச் சிறு பண்ணைகளில் பால் எடுப்பது கட்டுப்படியாகவில்லை என்பது நிறுவனக் கணக்கு. எதிர்ப்பு எழுந்தபின் ஒப்பந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. அந்தப் பண்ணைகளில் பலவற்றுக்குக் கைகொடுத்தது 1988 முதல் உழவர்களே நடத்திவரும் ‘ஆர்கானிக் வேலி’ கூட்டுறவு. இரண்டு நிறுவனங்களின் பாலிலும் ஒரே அரசு முத்திரைதான் இருந்தது. முத்திரை சாகுபடி முறைக்குச் சாட்சி சொல்லும். உழவரைக் கைவிடுவார்களா மாட்டார்களா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

காகிதம் யார் பெயரில்?

இந்தியாவில் வணிக அமைச்சகத்தின் கீழ் தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. ஏற்றுமதியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை 2007-இல் தொடங்கியது. உள்நாட்டுச் சந்தைக்கான விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்டு, 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ‘ஜைவிக் பாரத்’ முத்திரை அப்போது வந்ததுதான். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு. ஆனால் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது.

தனி உழவருக்குச் சான்றிதழ்ச் செலவு தாங்காது. ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு இரண்டு ஆண்டு, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு என, ரசாயனத்தை விட்டுக் காத்திருக்கும் மாறுகாலம் வேறு. எனவே 25 முதல் 500 பேர் வரை சேர்ந்து குழுச் சான்றிதழ் பெறும் முறை வந்தது. குழுவுக்குள்ளேயே ஆய்வாளர், வயல் பதிவேடு, வரைபடம் எல்லாம் இருக்க வேண்டும். சான்றளிப்பு நிறுவனம் சில வயல்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதிக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் குழுவின் பெயரில் இருக்கும். உறுப்பினர் ஒருவர் அதைக் காட்டித் தனியாக வெளியே விற்க முடியாது. குழுவை உழவர் சங்கமும் நடத்தியது, தொண்டு நிறுவனமும் நடத்தியது, விளைச்சலை வாங்கும் கம்பெனியும் நடத்தியது. பதிவேடு எழுதும் ஆளுக்குச் சம்பளம், ஆய்வுக் கட்டணம், பயிற்சி எல்லாவற்றையும் கம்பெனி ஏற்றுக்கொண்டால், காகிதமும் கம்பெனியின் பிடியில் இருக்கும். மூன்று ஆண்டு ரசாயனம் போடாமல் காத்த நிலம் உழவருடையது. அது ‘ஆர்கானிக்’ என்பதற்கான அத்தாட்சி வேறொருவருடையது. பக்கத்து வியாபாரி நல்ல விலை சொன்னாலும், சரக்கோடு அந்தப் பெயர் போகாது.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்த பனியன், ஆர்டரில் மிஞ்சிவிட்டால் லேபிளை வெட்டிவிட்டு காதர்பேட்டைச் சந்தைக்கு வரும். அதே நூல், அதே சாயம், அதே தையல். லேபிள் போனதும் விலை இறங்கிவிடும்.

காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்தால் போலிக் காகிதமும் வரும். 2020 அக்டோபரில் உலகளாவிய ஆர்கானிக் துணித் தர அமைப்பான கோட்ஸ், இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்று காட்டப்பட்டதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அது நாட்டின் ஆர்கானிக் பருத்தி உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு. அரசு இணையதளத்தைப் போலவே போலித் தளம் உருவாக்கி ஏமாற்றியிருந்தார்கள். நேர்மையாகப் பருத்தி விளைவித்த உழவர் மீதும், சான்றோடு நூல் வாங்கித் தைத்த பின்னலாடை நிறுவனங்கள் மீதும் அந்தச் சந்தேகத்தின் நிழல் விழுந்தது.

இந்தியக் கைமாற்றங்கள்

இந்திய ஆர்கானிக் பிராண்டுகளின் முதல் தலைமுறை கொள்கைப் பிடிப்பில் பிறந்தது. லக்னோவில் 1997-இல் துளசித் தேநீரோடு தொடங்கியது ‘ஆர்கானிக் இந்தியா’. ஹைதராபாத்தில் 2004-இல் ராஜசேகர் ரெட்டி சீலம் தொடங்கிய ஸ்ரேஸ்தா நிறுவனத்தின் ‘24 மந்த்ரா’ பருப்பையும் அரிசியையும் நாடெங்கும் கடை அடுக்குகளில் ஏற்றியது. உள்நாட்டில் ஆர்கானிக் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் இவர்கள் நட்டத்தைத் தாங்கி உழவர் குழுக்களைக் கட்டினார்கள். அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது.

2013-இல் கைத்தறித் துணிக்குப் பெயர்பெற்ற ஃபேப்இந்தியா, ஆர்கானிக் இந்தியாவில் 40 சதவீதப் பங்கை வாங்கியது. 2024 ஜனவரியில் அந்த நிறுவனத்தை 1,900 கோடி ரூபாய்வரை கொடுத்து வாங்குவதாக டாடா கன்ஸ்யூமர் அறிவித்தது. 2025 ஏப்ரலில் ஸ்ரேஸ்தாவை 472.5 கோடி ரூபாய்வரை கொடுத்து வாங்குவதாக ஐ.டி.சி. அறிவித்தது. பத்து மாநிலங்களில் சுமார் 27,500 உழவர்களும் 1.4 லட்சம் ஏக்கர் சான்று பெற்ற நிலமும் கொண்ட வலைப்பின்னல் ஸ்ரேஸ்தாவினுடையது. அந்த விலையில் கட்டடமும் இயந்திரமும் சிறு பகுதிதான். ஐ.டி.சி. வாங்கியது அந்த வலைப்பின்னலையும், இருபது ஆண்டுகளில் சேர்ந்த பெயரையும்.

அமெரிக்காவின் கதையோடு ஒப்பிட்டால் வரிசை ஒன்றாகவே இருக்கிறது. 2018-இல் உள்நாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள், நாட்டில் பரவலாக அறியப்பட்ட இரண்டு பிராண்டுகள் இரண்டு பெரும் குழுமங்களிடம் சேர்ந்துவிட்டன.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய நிறுவனத்தின் லாரி சிற்றூர்க் கடைவரை போகும், சோதனைக்கூடம் இருக்கும், பணப்பட்டுவாடா சீராக இருக்கும். ஆனால் கொள்முதல் செய்பவர்கள் குறையக் குறைய, விலை பேசும் இடத்தில் உழவரின் குரல் சிறுத்துப்போகும். ஹொரைசன் பண்ணையாளர்களுக்கு ஓடிச்சேர ஒரு கூட்டுறவு இருந்தது. அப்படி ஒரு புகலிடம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது?

உழவர் கையில் இருக்கும் பெயர்கள்

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், பழங்குடி நல மருத்துவப் பணியின் துணையோடு வளர்ந்த இயற்கை உழவர் சங்கம், தானியத்தைத் தானே சுத்தம் செய்து மதிப்புக்கூட்டி விற்கிறது. சென்னையில் இயற்கை உழவர் சந்தை இயக்கம் உழவரையும் நுகர்வோரையும் நேரடியாக இணைத்தது. தேசிய அளவில், கூட்டுறவு அமைப்புகள் சேர்ந்து நிறுவிய தேசியக் கூட்டுறவு ஆர்கானிக்ஸ் நிறுவனம் 2023 நவம்பரில் ‘பாரத் ஆர்கானிக்ஸ்’ பிராண்டை வெளியிட்டது. அமுல் அதற்கு முந்தைய ஆண்டே ஆர்கானிக் கோதுமை மாவுடன் இறங்கியிருந்தது. பாலில் கூட்டுறவு சாதித்ததைப் பருப்பிலும் சாதிக்க முடியுமா என்பதற்கான சோதனைகள் இவை.

விதியும் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஆர்கானிக் சட்டம், சான்றிதழ் பெறும் உழவர் குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. அதையொட்டி 2025 ஜனவரியில் வந்த இந்தியத் திட்டத்தின் எட்டாம் பதிப்பும் உழவர் குழுக்களுக்குச் சட்டத் தகுதி அளித்திருக்கிறது. 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவம் இதற்குத் தோதாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

காங்கேயம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இன்று உரத்தை நிறுத்தி மாறுகாலத்தைத் தொடங்கினால், மூன்று ஆண்டு கழித்து வெட்டும் காய்தான் அவருடைய முதல் சான்று பெற்ற காய். அதற்குள் அவர் சேரும் குழுவின் பதிவேட்டை யார் எழுதுகிறார், காயை உலர்த்தும் களத்துக்கும் ஆட்டும் செக்குக்கும் யார் பெயரில் சான்று வாங்கப்படுகிறது என்பதெல்லாம் முடிவாகிவிடும். எண்ணெய்ப் புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகப் போகும் பெயர், அந்த மூன்று ஆண்டுக்குள் போடும் கையெழுத்தில் இருக்கிறது.