தூண்டிற் போட்டியும் ஏரிக்கரை ஊர்களும்



ஏரி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பாசனமே. ஏரியை விருந்தினருக்காகவே நம்பி வாழும் ஊர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவில், ஆர்க்கன்ஸா மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள பீவர் ஏரியின் கரையில் அத்தகைய ஊர்களைக் காணலாம்.

இது இயற்கை ஏரியன்று. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் குடிநீர் வழங்கவும் வெள்ளை ஆற்றின் குறுக்கே 1960-களில் கட்டப்பெற்ற அணையால் தேங்கிய நீர். அந்நீர் பரவியபோது மான்ட்டி நே என்னும் பழைய உல்லாச ஊரின் பெரும்பகுதி மூழ்கிற்று. வில்லியம் ஹார்வி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நிறுவினார். மரக்கட்டைகளால் நீண்ட விடுதிகள் எழுப்பினார்; இருப்புப் பாதையும் வரச்செய்தார்; இரயிலைவிட்டு இறங்குவோரை வெனிஸ் நகரத்துப் படகொன்றில் ஏற்றி விடுதிக்கு அழைத்துச் சென்றார்! இத்தனை செய்தும் வருவோர் தொகை போதவில்லை. இரயிலும் நின்றது. 1936-இல் ஹார்வி காலமானார்.

ஹார்வி தேடிய கூட்டம், அவர் ஊரை விழுங்கிய ஏரிக்கு வேறொரு வழியாக வந்தது. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்னும் காப்புறுதி முகவர், 1967 ஜூன் மாதத்தில் இங்கே பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் போட்டியொன்றை நடத்தினார். நுழைவுக் கட்டணம் 100 டாலர். பொழுதுபோக்குக்கு அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆயினும் 13 மாநிலங்களிலிருந்து 106 பேர் வந்தனர். மறு ஆண்டே ஸ்காட் பாஸ் மீன்பிடிப்போர்க்கென ஒரு சங்கம் கண்டார்.

ஊருக்கு இதனால் என்ன வருவாய் என்று கேட்கலாம். பரிசுப் பணத்தில் ஊருக்குப் பங்கில்லை. ஆனால் போட்டியாளர் சில நாள் முன்னதாகவே வந்து ஏரியைப் பழகிக்கொள்வர். அறை வாடகை, உணவு, பெட்ரோல், படகுப் பழுதுபார்ப்பு எல்லாம் உள்ளூர்க் கடைகளில்தான். போட்டி முடிந்தபின், அதே நீரில் தூண்டில் போட்டுப் பார்க்கும் ஆவலால் வேறு பலர் வருவர். இந்த இரண்டாம் கூட்டமே பெரிது என்பது என் கருத்து. அதனாலன்றோ, இன்று ஊர்கள் பணம் கொடுத்தே பெரும் போட்டிகளை வரவழைக்கின்றன!

வருவாய் விடுதிக்காரருக்கு; நெருக்கடியோ நாள்தோறும் ஏரிக்கு வரும் உள்ளூராருக்கு. வெளியூரார் கொத்துக் கொத்தாகச் செத்த மீனைக் காட்டிச் சென்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? மீன் குறைந்தால் விருந்தினரும் வாரார். 1972-இல் ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாது மீண்டும் ஏரியிலேயே விடும் முறையைப் புகுத்தினார். படகில் காற்றூட்டும் நீர்த்தொட்டி வைத்து, மீனை உயிரோடு கரைக்குக் கொணர்ந்து நிறுத்தபின் விடவேண்டும். செத்த மீனுக்கு எடையில் கழிவுண்டு.

இதிலும் குறையுண்டு. ஏரியெங்கும் பிடித்த மீன்கள் எடைமேடையின் அருகே ஓரிடத்தில் குவிகின்றன. கோடை வெப்பத்தில், விட்டபின் சில நாளில் இறப்பனவும் உள. அண்மைக் காலத்தில், படகிலேயே எடையிட்டு உடனே நீரில் விடும் போட்டிகளும் தோன்றியுள்ளன. மீனுக்கு அது நலமே. ஆனால் மாலைதோறும் எடைமேடையைச் சுற்றிக் கூடும் கூட்டம் அங்கே இல்லை; அந்தக் கூட்டத்தை நம்பிக் கரையில் கடை விரித்தவர்தாம் வேறு வழி தேடவேண்டியிருக்கிறது.