ஆப்பிள் மரப்பட்டையின் கசப்பு

நீரிழிவு என்னும் சொல்லிலேயே அந்நோயின் அடையாளம் அடங்கியிருக்கிறது. உடலின் நீர் ஓயாது கழிந்துபோவதைக் குறிக்கும் பெயர் அது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்றன. நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதையும், எறும்புகள் அதனை நாடி மொய்ப்பதையும் அவை குறித்துள்ளன. சிறுநீரில் சர்க்கரை தோன்றுவது நோய், மறைவது நலம் என்பதே மருத்துவ உலகம் நெடுங்காலம் கொண்டிருந்த கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாக மாற்றியது ஒரு மரப்பட்டை. அதன் வரலாறு நாம் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

1820ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, கவாந்தூ என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். குளிர்காய்ச்சலுக்கு அது கைகண்ட மருந்தாயிற்று. கசப்பான பட்டை எதுவாயினும் அதில் ஒரு மருந்து ஒளிந்திருக்கலாம் என்னும் நம்பிக்கை ஐரோப்பிய ரசாயன அறிஞரிடையே பரவிற்று. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் பட்டை, வேர் என்னும் இரு சொற்களை இணைத்து அதற்குப் ‘புளோரிசின்’ என்று பெயரிட்டனர். கொயினாவைப் போலவே கசந்ததால் இதுவும் காய்ச்சலைத் தீர்க்கும் என்று எண்ணினர். அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

1886இல் ஜெர்மானிய மருத்துவரான வான் மேரிங் புளோரிசினை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் சிறுநீரில் சர்க்கரை மிகுதியாக வெளிப்பட்டது. ஆயினும் இரத்தத்தில் சர்க்கரை உயரவில்லை. மருந்தை நிறுத்தியதும் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதும் நின்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1889இல், அவரும் மின்கோவ்ஸ்கியும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்கு உண்மையான நீரிழிவே வந்துவிட்டது. இரண்டிலும் சிறுநீர் இனித்தது, காரணமோ வேறுவேறு. ஒன்றில் சர்க்கரையைப் பயன்படுத்தும் ஆற்றலை உடல் இழந்தது. மற்றொன்றில் சிறுநீரகம் சர்க்கரையைக் காத்துக்கொள்ள இயலாமல் வெளியே விட்டது.

கணையத்தைப் பற்றிய ஆராய்ச்சி 1921–22இல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலினாகக் கனிந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. புளோரிசினோ ஆய்வுக்கூடத்தில் சிறுநீரகத்தின் இயல்பை அறியப் பயன்படும் ஒரு கருவியாகவே பல காலம் தங்கிவிட்டது. நீரிழிவை ஒத்த நிலையை உண்டாக்கும் பொருள் நீரிழிவுக்கே மருந்தாகும் என்று யார் எண்ணுவர்?

சிறுநீரகத்தின் வேலையை ஓர் உவமையால் விளக்கலாம். நெல் தூற்றும்போது பதரோடு சிதறிய மணிகளையும் பொறுக்கிக் குதிரில் சேர்ப்பவர் சிக்கனமான உழவர். நலமுள்ள மனிதரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதனோடு வெளிவரும் சர்க்கரை ஏறக்குறைய 180 கிராம். அதில் அநேகமாக முழுவதையும் அவை மீட்டு மீண்டும் இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. நீரிழிவு நோயாளிக்கு இந்தச் சிக்கனமே கேடாகிறது. குதிர் நிரம்பி வழியும்போதும் பொறுக்கும் கை ஓய்வதில்லை. அந்தக் கையைத் தடுப்பதே புளோரிசினின் செயல்.

1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை மருந்தாகக் காணும் வழியைத் திறந்தது. கணையத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்ட எலிகளுக்குப் புளோரிசினை ஊசியாகச் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை இயல்புநிலைக்கு வந்தது. இன்சுலின் உடலில் வேலை செய்யும் திறனும் சீர்பட்டது. சிறுநீரகத்தின் மீட்கும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்த மனிதர் சிலரும் உண்டு. அவர்களுடைய சிறுநீரில் வாழ்நாள் முழுவதும் சர்க்கரை வெளிவந்தாலும் அவர்களிற் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். இதுவும் நம்பிக்கை அளித்தது.

ஆனால் பட்டையின் பொருளை அப்படியே மருந்தாக்க முடியவில்லை. விழுங்கினால் அது குடலிலேயே சிதைந்துவிடும். இரத்தத்தில் சேர்வது சொற்பம். குடல் சர்க்கரையை ஏற்பதையும் தடுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். எனவே அறிஞர்கள் அதன் மூலக்கூற்றைப் படிப்படியாக மாற்றி, குடலில் சிதையாததும் பெரும்பாலும் சிறுநீரகத்தில் மட்டுமே செயற்படுவதுமான வடிவங்களை அமைத்தனர். 2012இல் டாபாகிளிபுளோசின் ஐரோப்பாவிலும், 2013இல் கானாகிளிபுளோசின் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன. இம்மருந்துப் பெயர்களின் ஈற்றில் பழைய புளோரிசினின் எதிரொலி கேட்கிறது. கசப்பைப் பிரித்தெடுத்த நாளுக்கும் மாத்திரை பிறந்த நாளுக்கும் இடையே 177 ஆண்டுகள்!

2015இல் வெளியான ஒரு பெரும் பரிசோதனையில், இவ்வகையைச் சேர்ந்த எம்பாகிளிபுளோசின், இதய நோயும் நீரிழிவும் உடையவர்களிடையே இதயநோய் மரணங்களைக் குறைப்பதும் தெரியவந்தது. தீங்குகளும் இல்லாமலில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, உடலில் நீர் வறட்சி, அரிதாக இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை ஆகியன நேரலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. நம் நாட்டில் 2020இல் டாபாகிளிபுளோசினுக்கான காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் அதனைத் தயாரிக்க முற்பட்டன. விலையும் வெகுவாக இறங்கிற்று.

இனி நம் மரங்களை எண்ணிப் பார்ப்போம். தமிழில் வேங்கை என்பதை வடக்கே விஜயசார் என்கின்றனர், கன்னடத்தில் ஹொன்னெ. அம்மரத்தைக் கடைந்த குவளையில் இரவெல்லாம் ஊறிய நீரைப் பருகுவோர் பல மாநிலங்களிலும் உள்ளனர். நாவல், ஜாமுன், நேரளே, ஜாம்பூள் எனப் பல பெயர் கொண்ட மரத்தின் கொட்டைப்பொடியையும் அவ்வாறே உண்கின்றனர். இவற்றை இகழ வேண்டுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வேங்கையை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டது. 97 பேரில் மூன்றில் இரு பங்குக்குச் சற்று மேலானோர்க்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. ஆயினும் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். வேங்கை பெறாத மற்றொரு பிரிவினரோடு ஒப்பிட்டு நடத்திய சோதனையும் அன்று அது. எனவே அதனை ஒரு நல்ல தொடக்கம் எனலாமேயன்றி முடிந்த முடிபு எனலாகாது.

மரத்தில் மருந்து இருக்கலாம். ஆனால் மரமே மருந்தாகிவிடாது. எப்பொருள், எவ்வளவு, உடலில் எவ்விடத்தில், என்ன தீங்கோடு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே ஆப்பிள் பட்டையின் கசப்பு மாத்திரையாயிற்று. வேங்கைக்கும் நாவலுக்கும் அதே வினாக்கள் காத்திருக்கின்றன. சொந்த ஊரையும் பழகிய வைத்தியரையும் விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, அண்டை வீட்டாரும் சந்தைக் கடைக்காரரும் அன்போடு சொல்லும் யோசனைகள் பல. அவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவற்றை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்திவிட்டால் இழப்பு உயிராகவும் இருக்கக்கூடும். குவளை நீரைப் பருகுவோர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்கட்டும். நாவின் சுவையைக் கொண்டு மருந்தை அளந்த காலம் கடந்துவிட்டது.