தோரியம் கொடுத்த எலக்ட்ரான்

மலேசியாவில் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளுக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல். 1929-இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு உறைந்த பாறை அது. அந்தத் தொடரின் கல்லில் மோனசைட் மணிகள் சிதறிக் கிடக்கின்றன. லாந்தனம், சீரியம், தோரியம் எல்லாம் ஒரே மணிக்குள் குடியிருக்கின்றன.

தோட்டத்து மழை பெர்த்தாம், தெலோம் ஆறுகளில் பகாங் ஆற்றுப் பக்கம் இறங்கிவிடும். மலையின் மேற்குப் புறத்து மழைதான் மோனசைட்டைக் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீய மணலோடு சேர்த்தது. வெள்ளீயம் போக மிஞ்சிய மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982 முதல் ஓர் ஆலை அதிலிருந்து லாந்தனம், சீரியம் முதலான அருமண் உலோகங்களைப் பிரித்தெடுத்தது, தோரியம் கழிவானது. கதிர்வீச்சுக்கு அஞ்சிய ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் 1994-இல் ஆலையே மூடிக்கொண்டது.

ஊரை அச்சுறுத்தியது தோரியத்தின் அணுக்கரு. இயற்பியலாளர்களுக்கு வேண்டியிருந்ததோ அதன் வெளி எலக்ட்ரான்கள்.

2008-இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோ குழு இரும்புச் சேர்மம் ஒன்றில் மீகடத்தலைக் கண்டது. காந்த இரும்பு மீகடத்தலுக்குப் பகை என்றே அதுவரை பாடம். லாந்தனம்–ஆக்சிஜன் அடுக்கும் இரும்பு–ஆர்செனிக் அடுக்கும் மாறி மாறி அமைந்த சேர்மம் அது. அப்படியே குளிர்வித்தால் 140 கெல்வின் வாக்கில் இரும்பின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அணிவகுத்து நின்றுவிடும். ஆக்சிஜன் சிலவற்றின் இடத்தில் ஃபுளோரினை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரான் மிஞ்சி இரும்பு அடுக்குக்குப் போகிறது. அணிவகுப்பு கலைகிறது, 26 கெல்வினில் மின்தடை மறைகிறது. கலைந்த காந்தத்தின் மிச்சத் துடிப்புதான் எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

அதே வேலையைத் தோரியம் லாந்தனத்தின் இடத்தில் உட்கார்ந்து செய்கிறது. லாந்தனம் மூன்று எலக்ட்ரான் தரும், தோரியம் நான்கு. தில்லி ஐ.ஐ.டி.யும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஐந்தில் ஒரு லாந்தனத்தை மாற்றி 30 கெல்வினை எட்டின. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகம் லாந்தனத்தையே விட்டுக் கடோலினியத்துக்குப் போய், அதில் தோரியத்தைக் கலந்து 56 கெல்வினைத் தொட்டது. அதாவது சுழியத்துக்குக் கீழே 217 டிகிரி செல்சியஸ்.

மீகடத்துக் காந்தங்களுக்குக் கம்பி இழுப்பவர்களுக்கு இந்தத் தோரியம் தேவைப்படவில்லை. அவர்கள் அதிகம் நாடுவது பொட்டாசியம் கலந்த பேரியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மத்தை. அங்கே எலக்ட்ரானைக் கூட்டுவதில்லை, குறைக்கிறார்கள்.