வாலிகண்டபுரப் பின்னடைவும் திருச்சிராப்பள்ளி முற்றுகையும்

எயில் வளைத்தலை உழிஞை என்றும், எயில் காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கும். தொல்காப்பியர் இவ்விரண்டனையும் உழிஞையுள்ளே அடக்கினார். வளைப்போர்க்கும் காப்போர்க்கும் இங்ஙனம் இடமிருப்ப, இரண்டு படைகளையும் தொலைவில் நின்று நோக்கி, எப்பக்கம் சேரலாம் என எண்ணியிருக்கும் மூன்றாமவனுக்குத் தனித்திணை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த போர்களைக் கற்குங்கால், அம்மூன்றாமவனே பலவிடத்தும் போரின் போக்கை முடிவு செய்தான் எனக் காண்கிறோம். அதற்குச் செந்துறையைச் சூழ்ந்த நாட்டிலேயே சான்று உண்டு.

செந்துறைக்கு வடகிழக்கே விருத்தாசலமும், மேற்கே வாலிகண்டபுரமும் உள்ளன. புதுச்சேரியினின்றும் தேவனாம்பட்டினத்தினின்றும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்ற படைகள் இவ்வழியே நடந்தன. ஆயினும், இப்போரை விரிவாக எழுதிய இராபர்ட் ஓர்ம் என்பாரின் நூலைப் படிக்கும் நம் மாணவர், அது தம் ஊர்ப்பக்கத்துச் செய்தி என உணர்வதில்லை. வாலிகண்டபுரம் அதனுள் ‘வோல்கொண்டா’ ஆகிறது. ஊட்டத்தூர் ‘உட்டாட்டூர்’ ஆகிறது. பிச்சாண்டார்கோயில் ‘பிச்சாண்டா’ எனக் குறைகிறது. ஊர்ப்பெயர் சிதைந்தால் வரலாறும் ஊரை விட்டு நீங்கிவிடுகிறது. நாட்களும் மயக்கம் தருவன. ஆங்கிலர் 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியைக் கையாண்டமையின், பிரெஞ்சுக்காரர் குறிப்புகளோடு பதினொரு நாள் வேறுபாடு காணப்படும்.

1749-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையுள் புகுந்தார். பிரெஞ்சுத் துணையோடு வென்ற சந்தா சாகிபு உடனே அவரைத் தொடர்ந்திருத்தல் வேண்டும். அவரோ பொருள் வேண்டித் தஞ்சையை முற்றுகையிட்டுக் காலங்கழித்தார். தஞ்சை மன்னர் பிரதாபசிங்கர் அதனை மறக்கவில்லை என்பது பின்னர்ப் புலனாகும்.

1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பெரும்படையோடு எழுந்தார். அவரைத் தடுக்கக் கிஞ்சன் என்னும் தலைவன்கீழ் ஆங்கிலப்படை விருத்தாசலம் வழியாக வந்து, சூலைத் திங்களில் வாலிகண்டபுரத்தை அடைந்தது. அங்குள்ள கோட்டைத் தலைவன் இரு திறத்தாரோடும் பேசிக்கொண்டே நாட்களைக் கடத்தினான். அவனைக் கோழை என்றோ சூழ்ச்சியாளன் என்றோ கூறிவிடுதல் எளிது. இரண்டு பெரும்படைகளிடையே தன் கோட்டையையும் குடிகளையும் காக்க வேண்டிய ஒருவனுக்குக் காலந்தாழ்த்தலைத் தவிர வேறு படைக்கலம் யாது உளது? பொறுமையிழந்த ஆங்கிலர் புறநகரைத் தாக்கித் தீயிட்டனர். கோட்டையை எய்த இயலவில்லை. தலைவன் சந்தா சாகிபுவை அழைத்தான். அடுத்து நிகழ்ந்த போரில் ஆங்கிலரின் ஐரோப்பியப் படையினர் அஞ்சிப் பின்வாங்கினர். ஊட்டத்தூர் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து, திருச்சிராப்பள்ளி மதிலுக்கருகே சென்று ஒடுங்கினர்.

இத்தோல்வியில் உயிரிழப்புப் பெரிதன்று. அதன் விளைவே பெரிது. திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி வாக்களித்தமையால் மைசூர் துணைவர இசைந்திருந்தது. மைசூர்ப் பொருள் பெற்ற முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை, மேலை மலையடிவாரத்தில் அணியமாய் நின்றது. வாலிகண்டபுரச் செய்தி சென்றதும் அப்படை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஆங்கிலர் போரிடுவர் என்னும் நம்பிக்கை குன்றியதே காரணம் என ஓர்ம் கூறுகிறார். ஆங்கிலர் சார்பாளராகிய அவரே இதனை எழுதியிருத்தலின், ஐயுறற்கு இடமில்லை எனக் கருதுகிறோம்.

அந்நம்பிக்கையை மீட்டது ஆர்க்காடு. அவ்வாண்டு செப்டம்பரில் கிளைவு ஏறத்தாழ 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் அந்நகரைக் கைக்கொண்டு, ஐம்பது நாட்கள் முற்றுகையைத் தாங்கினான். ஆர்க்காட்டின் பயன் சந்தா சாகிபுவின் படையைப் பிரித்ததே என்பர் பலர். அதனினும் மேலாகிய பயன், மலையடியில் நின்ற மராத்தியர் கீழிறங்கியமையே என்பது நம் கருத்து. அவர்கள் வருகிறார்கள் என அறிந்தே சந்தா சாகிபுவின் மகன் இராசா சாகிபு விரைந்து கோட்டைமேல் பாய்ந்து தோற்றான். பின்னர் நஞ்சராசர் தலைமையில் மைசூர்ப்படை திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. தஞ்சையும் தன் பழம்பகையை நினைந்து மானோசியைப் படையோடு அனுப்பியது.

1752-இல் நிலை தலைகீழாயிற்று. லாரன்சும் கிளைவும் வந்ததும், பிரெஞ்சுத் தலைவர் லா, சந்தா சாகிபுவின் சொல்லைக் கேளாது திருவரங்கத் தீவினுள் பின்வாங்கினார். வளைத்தோர் வளைக்கப்பட்டனர்! கிளைவு கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரத்தில் நின்று புதுச்சேரி வழியை அடைத்தான். துய்ப்ளே அனுப்பிய தொத்தேய் என்பார் உணவும் பொருளும் கொண்டு ஊட்டத்தூர் வரை வந்து, மீண்டும் வாலிகண்டபுரத்திற்கே துரத்தப்பட்டார். சென்ற ஆண்டு சந்தா சாகிபுவை ஏற்ற அதே கோட்டை இப்பொழுது அவர் துணைவர்க்குக் கதவடைத்தது. தொத்தேய் மதிலின் வெளியே சரணடைந்தார். தீவிலிருந்த குதிரைவீரர் பலர் முன்னரே சந்தா சாகிபுவை விட்டு அகன்றனர். மானோசியின் வாக்கை நம்பிச் சென்ற சந்தா சாகிபு தலையிழந்தார். சூன் திங்களில் லாவும் சரணடைந்தார்.

தோற்றாரை விட்டுத் துணை நீங்கும் என்று மட்டும் கொள்ளின் செய்தி முற்றுப்பெறாது. வென்றாரிடமிருந்தும் அது நீங்கும். திருச்சிராப்பள்ளியைத் தர முகம்மது அலி மறுத்தவுடன், மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தனர். வளைக்க வந்த சந்தா சாகிபு மாண்ட பின்னும் முற்றுகை 1754 வரை நீண்டமைக்கு இதுவே காரணம். பிரெஞ்சுக்காரரை அக்காலத்தில் கைவிட்ட பெருந்துணை பாரிசில் இருந்தது. திருவரங்கச் செய்தி அங்குச் சென்றபின் துய்ப்ளேயின் திட்டங்களில் கம்பெனியார்க்கு இருந்த நம்பிக்கை தேய்ந்தது. 1754 ஆகஸ்டில் கோதே வந்து பொறுப்பேற்றார். அக்டோபரில் துய்ப்ளே கப்பலேறினார்.

இப்பக்கத்துப் பாளையங்களுக்கு அமைதி கிட்டவில்லை. 1755-இல் பிரெஞ்சுப்படை துறையூரைக் கைக்கொண்டு, அரியலூர், உடையார்பாளையங்களின் மேலும் வந்தது. ஆங்கிலர் எதிர்த்தெழவே திரும்பியது. பத்தாண்டு கழிந்தது. 1765-இல் அவ்விரு பாளையங்களையும் ஆங்கிலப்படைத் துணையோடு கைப்பற்றியவர், திருச்சிராப்பள்ளியில் பிறர் துணையால் உயிர்பிழைத்த அதே முகம்மது அலியே ஆவர்.