பள்ளி உணவின் அரிசி: விளைவிப்பவர், விற்பவர், சமைப்பவர்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் சத்துணவுக் கூடங்களில் வேகும் அரிசி, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து வருகிறது. டெல்டா மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல்லை அக்கழகம் அரைத்து, நியாயவிலைக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புகிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லை விற்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நாற்று நட்டுக் களை பறிக்கும் தலித் பெண்களில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தக் காகிதங்கள் இல்லை. 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கைகளில் இருக்கிறது. ஆதரவு விலை பெறுவோர் வரிசையில் அவர்கள் நிற்பதில்லை. கூலி பெறுவோர் வரிசையிலேயே நிற்கிறார்கள். அதே நெல் அரிசியாகி, நகரத்துச் சேரிப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேருகிறது. இடைப்பட்ட வணிகம் முழுவதும் பிறருடையது.

தியாகராய நகர் எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு என்பது வரம்பு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய ஆங்கில அரசு அனுமதிக்காததால் 1925இல் அது நின்றுபோயிற்று. பின்னர் 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு.

1989இல் கலைஞர் ஆட்சியில் பதினைந்து நாளுக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, 2010இல் வாரத்திற்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. நியாயமான ஏற்பாடு இதுவே. ஆனால் 2020இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை, முட்டை வழங்காத, வெங்காயமும் பூண்டும் தவிர்க்கும் அட்சய பாத்திரம் அமைப்பிடம் ஒப்படைக்க முனைந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு சாராரின் ஆசாரம் எல்லாக் குழந்தைகளின் உணவுப் பட்டியலாவதை ருசி பற்றிய விவாதமாக நாம் பார்க்கவில்லை. எதை வாங்குவது, எதை விலக்குவது என்ற முடிவிலும் சாதி இருக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதனை விரிவாக்கும் தொடக்க விழா 2025 ஆகஸ்டு 26 அன்று மயிலாப்பூரில் நடந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என அமைந்த அதன் பட்டியலில் முட்டை இல்லை. மதியத்தில் முட்டை உண்டு என்பதைக் காலைக்கு விடையாக நாம் ஏற்க இயலாது.

சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் தலித் பெண் சமைப்பதை ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் பிள்ளைகள் காலை உணவை மறுத்தனர். காமராசர் திட்டம் தொடங்கிய ஊரின் பக்கத்திலேயே! விளைவித்த கை தீட்டாகவில்லை. கரண்டி பிடித்த கை தீட்டாயிற்று.

சென்னையில் இத்தகைய மறுப்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பதால் கணக்குக் கேட்காமல் இருக்கலாகாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரப் பள்ளிகளில் சமையலர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், காலியிடங்கள் எத்தனை, காலை உணவுக்கான பொருள்கள் எவரிடமிருந்து வாங்கப்படுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்கள் மாநகராட்சியிடம் மனுச் செய்யலாம். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள்.